கொக்கு மூக்கு எண்ணெய்க்குப்பி

மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவன் ஒழுங்காக வேலை செய்தால் யாருக்கும் கேட்காது. ஒரு வேளை மறந்தால் ஆம்பூர் முழுக்கக் கேட்கும். குப்பி தூக்கி அலையும் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் எண்ணெய் விட இரண்டு பேர், நானும் அந்தோணியும். எங்களில் ஒருவனை இன்ஜின் ரூமுக்கு எடுத்துக்கொள்வதாக அந்த இன்ஜினை ஓட்டும் டிரைவர் மாசிலாமணி சொல்லியிருந்தார். தோல் நாற்றம் எட்டாத ஒரே இடம் அது. அங்கே போகிறவனுக்குக் கொக்கு மூக்கு வைத்த பித்தளைக் குப்பி கிடைக்கும். அது அந்தோணி கையில் இருப்பதாக நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

காக்கா விருந்து

வெளியே தோலை உள்ளே போட்டுச் சுற்றும் டிரம்முகளின் பேரிங்கில் எண்ணெய் தங்காது. மாட்டுக் கொழுப்பை உருட்டி அப்ப வேண்டும். சூடு ஏற ஏற உருகி உள்ளே இறங்கும். நான் அப்பிவிட்டுத் திரும்பினால் காக்காய் கொத்திக்கொண்டு போய்விடும். என் டிரம்மு கழுதை மாதிரி கத்தும். அந்தோணியின் டிரம்மு மட்டும் முனகாது. எட்டிப் பார்த்தேன். கழிவுத் தோல் துண்டு ஒன்றைக் கொழுப்பின்மேல் மூடிக் கட்டியிருந்தான், பாவி!

மேஸ்திரி கோவிந்தன் சும்மா போவாரா? "அவன் பேரிங்குக்குத் தொப்பி போட்டிருக்கான். நீ காக்காவுக்கு விருந்து போட்டிருக்கே."

அரைக் குப்பி

தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் மில்லில் அவனை ஜெயித்துவிடலாம் என்று, அவன் இரண்டு சொட்டு விடும் இடத்தில் நான் அரைக் குப்பியைக் கவிழ்த்தேன். மில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேஸ்திரி குரலிலேயே "சபாஷ்டா கன்னியப்பா!" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழிந்த எண்ணெயில் பட்டைத்தூள் படிந்து, களிம்பாகி, உள்ளே போய், சுழலும் ஷாப்ட்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ்ஷை ராவித் தின்றுவிட்டது. ஷாப்ட்டு ஆட ஆரம்பித்தது. டிரைவர் கழற்றினார், புஷ் தகடாகத் தேய்ந்திருந்தது. "இன்னாடா, எண்ணெய் விட்டியா, சாணை பிடிச்சியா?"

கீய்ச்

பிறகு என் வித்தையைக் காட்டினேன். கூரையை ஒட்டி ஓடும் ஷாப்ட்டின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட அந்தோணி ஏணிமேல் நின்றிருந்தான். நான் தோல் அடுக்கின் பின்னால் ஒளிந்து, காய்ந்த பேரிங் மாதிரியே "கீ...ய்ச்" என்றேன். பதறிப்போய் ஊற்றுவான், கீழே காயும் தோலில் சொட்டிக் கறையாகும், மேஸ்திரி அவனைப் பிடித்துக்கொள்வார் என்பது என் திட்டம்.

அவன் ஊற்றவில்லை. ஒவ்வொரு பேரிங்காகத் தொட்டுப் பார்த்தான். எதுவும் சுடவில்லை. ஏணியில் நின்றபடியே குரல் கொடுத்தான்: "தோஸ்து, இங்க எல்லாம் ஜில்லுனு இருக்கு. உன் தொண்டைக்கு ரெண்டு சொட்டு விடட்டா?"

பரீட்சை

கடைசியில் டிரைவர் இருவரையும் கூப்பிட்டார். "பேரிங் கெட்டா எப்படிக் கத்தும், சொல்லுங்கடா." அந்தோணி யோசித்தான். நான் விடுவேனா? கொழுப்பு தீர்ந்த டிரம்மு, தூள் தின்ற மில், ஒவ்வொன்றாகக் கத்திக் காட்டினேன். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்ஜின் பேரிங்கின் குரலை எடுத்தேன் பாருங்கள், டிரைவர் நிஜமாகவே எழுந்து இன்ஜினிடம் ஓடினார்.

திரும்பி வந்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பித்தளைக் குப்பியை அந்தோணியிடம் நீட்டினார்.

"அண்ணே, நான்தானே கரெக்டா..."

"கரெக்டுதாண்டா, அதான் பயம். இன்ஜின் கத்தினா அதுவா நீயான்னு நான் யோசிச்சிக்கினு நிக்கறதுக்குள்ள பேரிங் உருகிடும்."

குப்பி அவன் கைக்குப் போன நாள் முதல் இன்ஜின் ஒரு முனகல்கூட விடுவதில்லை. அந்தக் கேட்காத சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.