பல் வைத்த கழுத்துக் கத்தி

எனக்கு ஐம்பது வயது ஆகச் சில மாதங்கள் இருந்தபோது, கழுத்தில் கத்தி மாட்டிக்கொள்ளும் ஆசை வந்தது. அந்த வயதில் சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள். சிலர் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கிக் கேமரன் மலைக்கு ஏறுகிறார்கள். நான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சோபாவில் சாய்ந்து, கைபேசியில் கத்தி பார்த்தேன்.

முதல் காணொளியில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், பனி பெய்யும் காட்டில் நின்றுகொண்டு, சட்டைக்குள்ளிருந்து சின்னக் கத்தி ஒன்றை உருவினார். மொத்தமே என் உள்ளங்கை நீளம். மடக்குக் கத்தி இல்லை. அலகு நிலையாக நிற்கும். ஓரம் முழுக்க ரம்பம் போலப் பற்கள். பிளாஸ்டிக் உறை தலைகீழாகக் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். பிடியைக் கீழே இழுத்தால் ‘டக்’ என்று கையோடு வந்துவிடும். அவர் கயிறு அறுத்தார், சுள்ளி சீவினார், ஒரு நாள் இது உங்கள் உயிரைக் காப்பாற்றும் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் காடு கிடையாது. பிரிக்பீல்ட்சில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். கரடியும் கிடையாது, எங்கள் வட்டாரத்தில் எதிர்த்து நிற்கக் கூடாத உயிர் என்றால், பார்க்கிங் இடத்தில் நாற்காலி போட்டுப் பிடித்து வைத்திருக்கும் பக்கத்து பிளாக் அக்காதான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க வேறு வேறு தாடிக்காரர்களைப் பார்த்தேன். கடைசியில் இணையத்தில் ஆர்டர் போட்டேன்.

மனைவியிடம் வேலைக்குத் தேவை என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கண்டெய்னரிலிருந்து இறங்கும் சரக்கெல்லாம் பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டி, மேலே சுற்றுச் சுற்றாகத் தாள் சுற்றி வரும். அதை அறுக்கக் கம்பெனி எங்களுக்கு ஆரஞ்சு நிறக் கட்டர் ஒன்று கொடுத்திருக்கிறது. விரலை எடுத்தவுடன் பிளேடு தானாக உள்ளே போய்விடும். அது வந்த பிறகு யாருக்கும் காயம் பட்டதில்லை. பெட்டிகளுக்கும் பட்டதில்லை.

கத்தி வந்த அன்று நான் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவைத்துச் சோதனையில் இறங்கினேன். தாடிக்காரர்கள் செய்வதெல்லாம் வரிசையாகச் செய்தேன். நைலான் கயிறு: இரண்டே இழுப்பு. பத்துக்குப் பத்து. அட்டைப் பெட்டி: பற்கள் மாட்டி மாட்டி, நாய் கடித்தது போல ஆனது. ஐந்து. பேப்பரைக் காற்றில் பிடித்து அறுப்பது கிழிப்பதில் முடிந்தது. கை முடி மழிக்கும் சோதனையைச் செய்த இடம் இன்னும் வடுவாக இருக்கிறது; அதற்கு மார்க் போடவில்லை. தக்காளியைப் பல் வைத்த கத்தி அழகாக அறுக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ரொட்டிக் கத்தியின் சின்னப் பற்களுக்கு அது பொருந்தும். என்னுடையதன் பற்கள் சுறாவுடையவை. தக்காளி சுவர்வரைக்கும் போனது.

மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் பார்த்தவுடன் ஒரு வரியில் குறிப்பு எழுதிவிடுவாள். சுவரைத் துடைத்துக்கொண்டே, “சட்னிக்குன்னா சரி. அதுக்குத்தான் மிக்சி இருக்கே,” என்றாள்.

மறுநாளிலிருந்து கத்தி சட்டைக்குள் வேலைக்கு வந்தது. கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே போகும்போது நெஞ்சுக்குழியில் அது லேசாக இடிக்கும். அந்த இடி எனக்குப் பிடித்திருந்தது. சுற்றிலும் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்களில் யாருக்கும் தெரியாமல் நான் மட்டும் எதற்கோ தயாராக இருக்கிறேன் என்ற நினைப்பு. எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கிடங்கில் கத்தி நன்றாக உழைத்தது. பட்டையின் மேல் பல்லை வைத்து இழுத்தால் ‘பட்’ என்று தெறித்துவிடும். ஆனால் வியர்வை வழிகிற எங்கள் ஊரில், உறைக்கு அடியில் தோல் வெந்து சிவந்தது. பனிக்காட்டுத் தாடிக்காரருக்கு வேர்க்குரு பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. பட்டை அறுத்தே மூன்றாவது வாரத்தில் பற்கள் மழுங்கின. சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது, உருண்டைக் கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பல் தேய்த்தேன்.

சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்ததை எங்கள் ஃபோர்க்லிப்ட் டிரைவர் கவனித்துவிட்டார். கிள்ளான்காரர், பக்திமான். தாயத்து என்றே முடிவு செய்துவிட்டார். நான் சரக்கின் பின்னால் போய்க் குனிந்து, சட்டைக்குள் கைவிட்டு, ஒரு நிமிடத்தில் கட்டவிழ்ந்த பெட்டியோடு வருவதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஒரு நாள் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து, எந்தச் சாமியார் கொடுத்தது என்று கேட்டார். இது கத்தி என்று சொன்னேன். “சொல்ல விருப்பம் இல்லைன்னா வேணாம் லா பாஸ். நம்பர் மட்டும் ஒண்ணு சொல்லுங்க,” என்றார். லாட்டரிக்கு நான்கு இலக்கம் வேண்டுமாம். கண்டெய்னர் எண்ணின் கடைசி நான்கைச் சொன்னேன். அது விழவில்லை, அதனால் என் மரியாதை கொஞ்சம் குறைந்தது.

நான் வாங்கிய தளத்தில் நேர்மையாக ஒரு மதிப்பீடும் எழுதினேன். கயிறு, பட்டை, துணிக்கு நல்லது. காய்கறிக்கும் அட்டைக்கும் ஆகாது. வெப்பமான நாடுகளில் தோல் வெந்துபோகும். நான்கு நட்சத்திரம். எங்கோ இருக்கும் ஒருவர், நீ பிடிக்கிற முறை தவறு என்று பதில் எழுதினார். நான் பிடித்ததை அவர் பார்த்ததே இல்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

எனக்கு விடுமுறை. தையல் கடையில் மனைவியின் ரவிக்கையை வாங்கி வரக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். துணிக்கடைகளும் மாலைக்கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவில், பொட்டலத்தோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். வாகனங்கள் ஊர்ந்தன. எனக்கு முன்னால் ஒரு மோட்டார் மெல்லப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கல்யாண வீட்டுக்குப் போகும் அலங்காரத்தில் இருந்தாள். மினுமினுக்கும் பஞ்சாபி சூட், கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் விட்ட ஷால். அதன் நுனி பின்சக்கரத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் தலை பின்பக்கம் வெட்டி இழுத்தது.

ஓட்டியவர் அவள் கணவர். என்ன நடந்தது என்று புரியாமல் நிறுத்தினார், பிறகு வண்டியை முன்னால் தள்ளினார். ஷால் இன்னும் இறுகியது. மோட்டார் சாய்ந்தது, அவள் பக்கவாட்டில் விழுந்தாள். சக்கரத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஷால் வீணைக் கம்பி போல விறைத்திருந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைத்தாள். கூடிவிட்டவர்கள் சக்கரத்தைத் தூக்கு என்றார்கள், பின்னால் சுற்று என்றார்கள். மாலைக்கடைக்காரர் கத்தரிக்கோல் தேடி உள்ளே ஓடினார்.

நான் முடிவு எதுவும் எடுத்ததாக நினைவில்லை. கை சட்டைக்குள் போனது, டக் என்றது. கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சக்கரத்துப் பக்கமாக, பற்களை ஷாலின் மேல் வைத்து இழுத்தேன். முதல் இழுப்பில் பாதி. இரண்டாவதில் முழுதும் விட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலை மார்க் போட்டது. வழுவழுப்பான செயற்கைத் துணி, பல் இல்லாத கத்தி வழுக்கியிருக்கும், பத்துக்குப் பத்து.

அவள் இருமினாள். மூச்சு வந்தது. கண்ணிலிருந்து மையும் நீரும் வழிய, கையில் மிஞ்சிய ஷால் துண்டைப் பார்த்தாள்.

“அறுத்துட்டீங்களா? இன்னிக்குத்தான் மொத தடவ போட்டேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னை என்றால், என் கையை. கூட்டமும் பார்த்தது. ஒரு கணத்துக்கு முன் என் தோளை இடித்துக்கொண்டிருந்தவர்கள் எப்படியோ நாலடி தள்ளி நின்றார்கள்.

“அண்ணே, கழுத்துல எதுக்குண்ணே கத்தி?” என்று அவர் கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. மனைவியை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கத்தியை முதலில் உள்ளே வைத்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். உருவுவதை எல்லாத் தாடிக்காரர்களும் காட்டுகிறார்கள். திரும்ப வைப்பதை யாரும் காட்டுவதில்லை. தலைகீழ் உறை, கண்ணுக்குத் தெரியாத இடம். மூன்று பட்டனைக் கழற்றிவிட்டு, மார்பைப் பார்த்துக் குனிந்து, கத்தி முனையை என் பக்கமே திருப்பிக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலடியில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கைபேசிகள் எழுந்தது இந்த இடத்தில்தான்.

பிறகு அந்தப் பெண்ணே எழுந்து கணவரிடம், “அவரு அறுக்கலேன்னா நான் போயிருப்பேன்ங்க,” என்றாள். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து என்னுடையதையும் வாங்கிக்கொண்டார். மாலைக்கடைக்காரர் கத்தரிக்கோலோடு வந்து சேர்ந்தார். இதையெல்லாம் யாரும் படம் பிடிக்கவில்லை.

கிள்ளானிலிருந்து வீடு வந்து சேர எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. காணொளி எனக்கு முன்னால் வந்திருந்தது. மனைவியின் குடும்பக் குரூப்பில், செந்தூலில் இருக்கும் அவள் அண்ணன், கோயில் கமிட்டிச் செயலாளர், அனுப்பியிருந்தார். சட்டையைத் திறந்துபோட்ட நடுவயது ஆசாமி, கையில் கத்தி, தரையில் அழும் பெண். மொத்தம் பன்னிரண்டு விநாடி. கீழே, கிள்ளான் பக்கம் போகிறவர்கள் கவனம், நம் ஆட்கள் எப்போதுதான் திருந்துவார்களோ என்று எழுதியிருந்தார். குனிந்திருந்ததால் என் முகம் தெரியவில்லை. சட்டை தெரிந்தது. அது மனைவி வாங்கிக் கொடுத்த சட்டை.

அவள் கதவைத் திறந்து, சட்டையைப் பார்த்து, கைபேசியைப் பார்த்து, “ரவிக்க எங்க?” என்றாள்.

ரவிக்கை மாலைக்கடை வாசலிலேயே கிடந்திருக்க வேண்டும். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவள் கேட்டு முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் மகள் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். அவள் தன் அறையிலிருந்து வந்து, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் இந்த மாதிரிக் கத்தி வைத்திருப்பதே குற்றம் என்பதை எனக்குப் பிரிவு எண்ணோடு விளக்கினாள். “நம்ம தமிழ் மூஞ்சிக்கு, வீடியோவும் இருந்தா, காரணம் கேக்க மாட்டாங்கப்பா. நாமளே போய் ரிப்போர்ட் போட்டுடலாம்,” என்றாள். இருபத்தொரு வயதுப் பெண் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு வலித்தது.

மறுநாள் கிள்ளானில் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். கழுத்தில் மாட்டிக்கொண்டு போகக் கூடாது என்று மகள் கத்தியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய் அதிகாரி, வயதில் என்னைப் போன்றவர், டப்பாவைத் திறந்து பார்த்தார். காணொளியை மூன்று தடவை பார்த்தார். வேலைக்கான கத்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாட்சி வேண்டும் என்றார். எங்கள் சேஃப்டி ஆபிசரைக் கைபேசியில் அழைத்தேன். கிடங்கில் எனக்கு இப்படி ஒரு கத்தி இருப்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். ஆரஞ்சு கட்டரின் சிறப்புகளைப் பத்து நிமிடம் அதிகாரிக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, நான் அங்கே வேலை செய்வது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

நான் அழைத்திருந்ததால் அந்தப் பெண்ணும் கணவரும் வந்தார்கள். அவள் கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு தெரிந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து ஷாலின் இரண்டு துண்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். அதிகாரி வெட்டு வாயை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டார். சனிக்கிழமை வேலை இல்லை. பிறகு ஏன் கழுத்தில்? கழற்ற மறந்துவிட்டேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது. கிடங்கிலேயே வைத்துக்கொள், வெளியே கொண்டு வராதே என்று சொல்லி டப்பாவை மூடிக் கொடுத்தார். வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது.

கத்தி இப்போது கிடங்கில், தாள் சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில், ஒரு கயிற்றில் கட்டித் தொங்குகிறது. சேஃப்டி ஆபிசர் அதற்கு ஒரு படிவம் தயாரித்தார். எடுக்கும்போதும் வைக்கும்போதும் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் போடுவதில்லை. எல்லோரும் அதில்தான் அறுக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் மனைவியின் அண்ணனைப் பார்த்தேன். அதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குரூப்பில் திருத்தம் எதுவும் அனுப்பவில்லை. என்னை மண்டபத்தின் பக்கவாட்டுக்கு, ஏர்கான் இரையும் இடத்துக்கு அழைத்துப் போனார். ஏதோ சமாதானம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பட்டு ஜிப்பாவின் மேல் பட்டனைக் கழற்றினார். ருத்ராட்சத்துக்குப் பக்கத்தில், கறுப்பு உறையில், அதே கத்தி தொங்கியது.

“மாப்ள, ரெண்டு வாரத்துல பல்லு மழுங்கிடுச்சு. இத எதுல தீட்டறது?”

உருண்டைக் கம்பி வேண்டும், அவசரப்படாமல் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க வேண்டும் என்றேன். எதை அறுத்து மழுங்கியது என்று கேட்டேன். தக்காளி என்றார். அதற்குள் என் மனைவி எங்களைத் தேடிக்கொண்டு வந்து, பந்தியில் இடம் போய்விடும் என்றாள். அவர் அவசரமாகப் பட்டனைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.