காந்தம் ஒட்டாத சைக்கிள்

இப்போதெல்லாம் குன்னூர் மலைப்பாதையில் சைக்கிள் மிதிக்க வருகிறவர்கள், டீக்கடை முன்னால் நின்று வண்டியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டுகிறார்கள். கார்பனாம். அந்தக் காசுக்கு நான் இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுவேன். போன வருஷத்தைவிட இப்போது விலை கூடுதல், வருகிற வருஷம் இன்னும் ஏறுமாம். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். காசைக் கொட்டி மூச்சு வாங்குகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. எடை குறைந்தால் விலை ஏறும் என்பதை இந்த ஊரில் முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். தெரிந்துகொண்டு என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அப்போது பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே எனக்கு ஒரு பழைய சைக்கிள் கடை இருந்தது. எல்லாம் இரும்பு வண்டிகள். அலுமினிய வண்டியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஒரு நாள் மஞ்சூர் பஸ்ஸின் கூரையிலிருந்து ஒன்று இறங்கியது. கூடவே ஒருவரும் அவர் மகளும் வந்தார்கள்.

அவர் மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். மெஷின் தேய்ந்து தேயிலைத் தூளில் விழுகிற இரும்புப் பொடியைக் காந்தம் வைத்து எடுப்பது அவர் வேலை. மகள் ப்ளஸ் ஒன் படித்தாள். பறவைகளைப் படம் எடுக்க வந்து எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். பஸ் போகாத ரோடு, பாதிக்கு மேல் ஏற்றம். அந்த வண்டி வந்த பிறகுதான் பெல் அடிப்பதற்குள் அவளால் போய்ச் சேர முடிந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வண்டியின் குழாயில் வைத்தார். அது நழுவிக் கையில் விழுந்தது.

"ஏனுங்க, பாத்தீங்களா? இரும்பே இல்லீங்க இதுல. தகரத்துக்குப் பெயிண்ட் அடிச்சிருக்குதுன்னு ஃபேக்டரில எல்லாரும் சொல்றாங்க. எறக்கத்துல ஒடஞ்சு புள்ள பள்ளத்துல போயிருச்சுன்னா? நீங்க தொழில் தெரிஞ்சவரு. தாங்குமாங்க?"

வாழ்நாளெல்லாம் இரும்பைப் பொறுக்கிக் குப்பையில் போட்ட மனிதர், வெளியே வந்தால் இரும்பைத் தவிர எதையும் நம்பவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். கை சும்மா மேலே வந்தது. என் கடையையே விற்றாலும் இப்படி ஒன்று கிடைக்காது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பழைய அலுமினியக் குண்டானை வாங்கி வந்தேன். அவர் கண் முன்னால் முழங்காலை வைத்து அழுத்தினேன். சப்பென்று நசுங்கியது.

"இதே சாமான்தானுங்க அதுவும்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப் போனது. மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "தகடும் குழாயும் ஒண்ணாங்ண்ணா? இதுல கலப்பு உலோகம்னு எழுதியிருக்குதுங்க. இங்க பாருங்க."

ஆமாம், குழாயில் ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "படிச்சதயெல்லாம் பரீட்சைல எழுது கண்ணு. உசிரோட வெளையாடாத" என்றேன். அவர் மகளைப் பார்த்துக் கத்தினார், பெரியவங்க பேசறப்ப என்ன வாயி என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அந்த வண்டியை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் கொடுத்தேன். நல்ல கனம், புதுப் பெயிண்ட். காந்தம் அதில் டக்கென்று ஒட்டியதும் அவர் கும்பிட்டார். மேற்கொண்டு முந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டேன். அலுமினிய வண்டியை அடுத்த ஞாயிறு பைக்காரா அருவி பார்க்க வந்த ஒரு பெங்களூர்க்காரர் வாங்கிப் போனார். அவர் பேரமே பேசவில்லை. இன்னும் கூடக் கேட்டிருக்கலாமே என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த பொங்கலுக்கு அவர் ஒரு பொட்டலம் தேயிலையோடு வந்தார். வண்டி எப்படி என்று கேட்டேன்.

"கல்லாட்டம் இருக்குதுங்க. ஆனா புள்ளயால ஏத்தத்துல தள்ள முடியலீங்க. தெனமும் லேட்டு. டீச்சரம்மா வெளிய நிறுத்தி நிறுத்தி, அதுவே பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கிச்சு. இப்ப கொழுந்து பறிக்குதுங்க. போனாப் போவுது, படிப்புதானே. உசிரு இருக்குதல்லங்க. உங்களாலதான்."

எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. ஏமாந்தவன் திட்டிவிட்டுப் போனால் மறந்துவிடலாம். இந்த ஆள் வருஷா வருஷம் தேயிலையோடு வந்தார். நானும் வாங்கிக் குடித்தேன். நல்ல தூள்.

நாலாவது வருஷம் என்னால் முடியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மஞ்சூருக்குப் பஸ் ஏறினேன். கொழுந்து எடை போடுகிற ஷெட்டில் அந்தப் பெண்தான் முதலில் கண்ணில் பட்டாள். தலையில் துண்டு, விரல்களெல்லாம் கறை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "தன் கையாலதான் என் படிப்பக் கெடுத்தோம்னு தெரிஞ்சா எங்கப்பா தாங்கமாட்டாரு. சொல்லாமப் போயிருங்க."

"எனக்கு மனசு கேக்கல கண்ணு."

"நீங்க நல்லவரா ஆவறதுக்கு எங்கப்பா எதுக்குங்க அழோணும்?"

அதற்குள் ஃபேக்டரி வாசலிலிருந்து அவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். என் கையைப் பிடித்து, எடைக்கு நின்றவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னார்: "எம் புள்ளயக் காப்பாத்துனவரு இவருதானுங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.