சிக்காகோவில் எங்களுக்கு யாரும் இல்லை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிக்காகோவில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்று நான் மனதார நம்பினேன்.

சிரிக்காதீர்கள். ஐம்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்துப் பிறப்பு, மன்னாரில் கல்யாணம். இரண்டு பக்கத்துச் சனத்தையும் கூட்டினால் ஒரு தேவாலயம் நிரம்பும். அப்படிப்பட்ட ஒருவன் உலகப் படத்தில் ஒரு பெரிய நகரத்தைத் தொட்டு ‘இங்கே நமக்கு யாருமில்லை’ என்கிறான் என்றால் அவனுக்குக் காய்ச்சலாக இருக்கவேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஹொட்டல் புக் பண்ணியிருந்தேன்.

ரொறன்ரோவில் ஒரு கல்யாணம். போகிற வழியில் ஒரு சனி, ஞாயிறு சிக்காகோவில் தங்குவதாகத் திட்டம். திட்டம் என்னுடையதல்ல – என் மனைவி மெற்றில்டாவுடையது. அவளுக்கு, நாங்கள் இப்போது குடியிருக்கும் பரமட்டாப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. நாங்கள் ஊர் சுற்றாதவர்கள் இல்லை. ஆனால் லண்டனில் அவள் பார்த்தது சித்தி வீட்டுக் குசினி. பாரிஸில் பார்த்தது அண்ணன் வீட்டுக் குசினி. ஈபிள் கோபுரத்தைக் காருக்குள் இருந்தபடியே பார்த்தோம் – வீட்டில் புட்டு ஆறுகிறதாம். விருந்தாளியாகப் போகிறவள் கடைசியில் வெங்காயம் உரித்துக்கொண்டுதான் நிற்பாள். வேறென்ன செய்வாள்? வீட்டுக்காரி தனியே சமைக்க, கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு வராது.

“ரெண்டே ரெண்டு நாளப்பா,” என்றாள். “ஒருத்தற்ற குசினிக்கையும் நான் நிக்கக்கூடாது. அந்தப் பெரிய வெள்ளி அவரைக்கொட்டை இருக்கெல்லே, அதில என்ர மூஞ்சியைப் பாக்கோணும். அவ்வளவுதான்.”

சிக்காகோவின் நடுவில், ஒரு பூங்காவில், வீடளவு பெரிய உலோக அவரைக்கொட்டை ஒன்று கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. படத்தில் பார்த்திருப்பீர்கள். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் கேட்டது இது ஒன்றுதான். சரி என்றேன். வீரமாக.

வீரம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது. பூசை முடிந்து, மண்டபத்தில் தேத்தண்ணி. கிரவீனில் எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் பிலோமினா அன்ரி பக்கத்தில் வந்தார்.

“தம்பி, சிக்காகோவில ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அன்ரி.”

பெருமையாகத்தான் சொன்னேன். அன்ரியின் முகம் வாடியது. மரண அறிவித்தல் கேட்டவர்போல என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பிடிச் சொல்லாதேங்கோ. ஆரோ ஒருத்தர் இருப்பினம். நான் கேட்டுப் பாக்கிறன்.”

நான் விட்ட பிழை இதுதான். ‘அங்கே யாருமில்லை’ என்பது எனக்கு விடுமுறை. நம் சனத்துக்கு அது அநாதைத்தனம். அதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவார்களா?

வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை... கிரான்பர்னிலிருந்து போன். மெற்றில்டாவின் மூத்த அக்கா. மெல்பேர்னின் ஒரு மூலையில் இருந்தபடி ஐந்து கண்டங்களையும் நிர்வகிப்பவர். அன்ரி அவரைத்தான் கேட்டிருக்கிறார்.

“எங்கட றொபின் சிக்காகோவுக்கு வீடு மாறி எவ்வளவு காலம். பெரியம்மாவின்ர கடைசிப் பெடியன், மறந்துபோனீங்களே? நீங்கள் ஹொட்டலில நிண்டா நான் அவன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? நம்பர் குடுத்திட்டன், எடுப்பான்.”

மெற்றில்டா குசினிக்குள் போனாள். காரணமே இல்லாமல் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

அந்த வெங்காயம் என்னைக் குத்தியது. முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தவன் என்ன செய்தான்? மறுநாள் றொபின் போன் எடுத்தபோது பொய் சொன்னான்.

“ஹொட்டலுக்குக் கட்டின காசு திரும்ப வராது, றொபின்.”

“பரவாயில்லை அத்தான். பெட்டியை அங்க வையுங்கோ, நீங்கள் இஞ்ச வந்து படுங்கோ.”

“எனக்கு நாரிப்பிடிப்பு. கண்ட கட்டிலில படுக்கேலாது.”

“புது மெத்தை வாங்கியிருக்கிறம்.”

“நான் பயங்கரமாக் குறட்டை விடுவன்.”

“உங்களுக்கு பேஸ்மென்ட் அத்தான். குறட்டையும் விடலாம், பாட்டும் பாடலாம்.”

கையிருப்பில் வேறு வியாதி இல்லை. திரும்பிப் பார்த்தேன் – மெற்றில்டா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். ‘சரி, விடுங்கோ’ என்கிற முகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“றொபின், நாங்கள் வரேல்லை. ஹொட்டலிலதான் நிக்கப்போறம். உங்கட வீட்டை வந்தா என்ர மனிசி குசினிக்கை நிப்பா. இந்த முறை நிக்கமாட்டா. அக்கா கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்.”

பக்கத்தில் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன். என் வீரம் எப்போதும் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

பிறகு ஒரு பெண் குரல். றொபினின் மனைவி ஷாமினி. ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அண்ணை, பதினொரு வருசமா இஞ்ச இருக்கிறன். வாற சனத்தை இவர் அவரைக்கொட்டை பாக்கக் கூட்டிக்கொண்டு போவார். நான் வீட்டில நிண்டு சமைப்பன். இண்டைவரைக்கும் அதைக் கிட்டப்போய்ப் பாக்கேல்லை. உங்கட ஹொட்டலுக்கு என்ன பேர்?”

யோசித்துப் பாருங்கள். வருகிறவளுக்கும் விருப்பமில்லை, வரவேற்கிறவளுக்கும் விருப்பமில்லை. இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு நின்று வெங்காயம் உரிக்கிறார்கள். யாருக்காக? சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடும் றொபினுக்கும் எனக்கும். மிச்சம் கிரான்பர்ன் அக்காவுக்காக. இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் விருந்தோம்பல். வைத்திருங்கள். நான் விலகிக்கொள்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். றொபினும் ஷாமினியும் அதே ஹொட்டலில் எங்களுக்குப் பக்கத்து அறை எடுத்தார்கள். சனிக்கிழமை காலை இரண்டு பெண்களும் அவரைக்கொட்டைக்கு முன்னால் நின்று, தங்கள் கோணல் முகங்களைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தார்கள். றொபினும் நானும் வரிசையில் நின்று பீட்ஸா வாங்கிவந்தோம். கிரான்பர்ன் அக்கா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

இரண்டு நாளும் யாரும் சமைக்கவில்லை.