கடைசி வரிசைக்குத் தெரியும் படங்கள்

கதை நேரத்துக்குப் படப்புத்தகம் தேர்ந்தெடுக்க எனக்கென்று ஒரு வழி உண்டு. புத்தகத்தை விரித்து நாற்காலியில் நிறுத்துவேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் சுவர் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்ப்பேன். படத்தில் இருப்பது யானையா ஆட்டுக்குட்டியா என்று தெரிந்தால்தான் அந்தப் புத்தகம் பிள்ளைகளுக்கு. "டீச்சர், புக் எடுக்க வந்தீங்களா, கண் டெஸ்டுக்கு வந்தீங்களா?" என்று நூலகர் கிண்டல் செய்வார். நானும் சிரித்துவைப்பேன். ஆரம்பத்தில் எனக்கு இந்தப் புத்தி கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. அந்தத் திமிர் புத்தகம் எடுப்பதிலும் இருந்தது. நல்ல தமிழ் இருக்க வேண்டும், நிறைய வரிகள் இருக்க வேண்டும். படம் என்பது கறிவேப்பிலை மாதிரி, கிடந்தால் கிடக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். அப்படி நான் தலைமேல் வைத்துக் கொண்டாடிய புத்தகம் ஒன்று, அரிசி தூக்கிப் போகும் எறும்புகளின் கதை. ஊசி முனையால் வரைந்தது போன்ற படங்கள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாரா வாரம் அதை எடுத்துவிடுவேன்.

அங்கே வந்த பிள்ளைகளில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய அம்மா சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவருபவர். வியாபாரம் முடியும்வரை மகளை எங்களிடம் விட்டுப் போவார். எறும்புக் கதையை எடுத்தால் போதும், அவள் எழுந்து புத்தகத்தில் முகத்தைப் பதிக்க வருவாள். "மறைக்கிறா டீச்சர்!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். வயதுக்கு மீறிய உயரம் வேறு. நான் அவளைக் கடைசியில், சுவரோரமாக உட்கார வைத்தேன். அங்கே போனதும் பாயைப் பிய்ப்பாள், பக்கத்துப் பிள்ளையின் பின்னலை இழுப்பாள். ஆறு வாரம் பொறுத்தேன். பிறகு அவள் அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"இவளுக்குக் கதையில நாட்டமில்லம்மா. மத்த பிள்ளைகளையும் கெடுக்குறா. இனிமே கூட்டிட்டு வர வேணாம்."

அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். கதைக்குப் போறேன் கதைக்குப் போறேன்னு விடியுமுன்ன எந்திரிச்சு நிக்கிறா. இன்னொரு வாரம் பாருங்க. அப்பயும் அடங்கலன்னா நானே நிப்பாட்டிருறேன்."

அந்த இன்னொரு வாரத்தில் எறும்புப் புத்தகத்தை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல், நான் தொடவே தொடாத காய்கறிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். பக்கத்துக்கு ஒரு காய், அதற்குக் கீழே ஒரு வரி. இதில் என்ன கதை இருக்கிறது என்று அலுத்துக்கொண்டே பிரித்தேன்.

"பூசணிக்கா!" முதல் குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. அடுத்த பக்கத்துக்கும் அவள்தான். பாயைப் பிய்க்கவில்லை, அசையவில்லை. கத்தரிக்காய்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு புழு இருந்தது. புழு எங்கே என்று கேட்டேன். எல்லோரும் விரலை நீட்டினார்கள். அவளும் நீட்டினாள். ஆனால் அதற்கு முன் பக்கத்துப் பிள்ளையின் விரல் எங்கே போகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். புழு அவளுக்குத் தெரியவே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

கதை முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது, எறும்புப் புத்தகம் திரும்பி வந்திருந்தது. அவளைச் சுவரோரமாகவே நிறுத்தி, புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக அவளை நோக்கி நடந்தேன். அவள் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் புத்தகம் வந்தபிறகுதான் அவள் கண்கள் விரிந்தன.

"எறும்பா டீச்சர் இது? நான் கோடுன்னுல்ல நெனச்சேன்!"

ஆறு வாரமாக ஒரு கோட்டைப் பற்றிய கதையைத்தான் கேட்டிருக்கிறாள். அதற்காகவும் விடியுமுன் எழுந்து நின்றிருக்கிறாள். மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்றே அவள் அம்மாவிடம் சொன்னேன். கண் டாக்டரிடம் காட்டினார்கள். கிட்டப்பார்வை, அதுவும் நல்ல அளவில்.

கண்ணாடி போட்ட மகளோடு அந்த அம்மா வந்தபோது எனக்கு ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்தார். "நீங்க மட்டும் பாக்கலன்னா எங்களுக்கு எங்க டீச்சர் தெரிஞ்சிருக்கப் போவுது?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அவள சுவத்தோரமா தள்ளி உக்கார வச்சதே நாந்தாம்மா. பக்கத்துல வந்து பாக்குறப்ப எல்லாம் வெரட்டி வெரட்டி விட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். என் கையை விடவில்லை. மகள் அலமாரிப் பக்கம் போகும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பூவ அள்ளி அள்ளி மூஞ்சிகிட்ட கொண்டு போவா டீச்சர். சாமிக்குப் போற பூவ மோந்து பாக்குறான்னு நெனச்சு எத்தன நாளு அந்தக் கையிலயே அடிச்சிருக்கேன். பாத்துருக்கா டீச்சர். மோக்கல, பாத்துருக்கா."