வடிகட்டியும் ஈரப் போர்வைகளும்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவைத் தோண்டியபோது இணையக் கேபிள் அறுந்துபோனது. பின்தெருவிலுள்ள தங்கை வீட்டு வைஃபையைப் பிடிக்க, கீரை அலசும் ஸ்டீல் வடிகட்டியின் குழிவில், வைஃபை சிக்னலை வாங்கும் ஒரு சிறு யுஎஸ்பி டாங்கிளை டிஷ் ஆன்டெனா போலக் கட்டி, மொட்டைமாடிச் சுவரில் வைத்தேன். சிக்னல் அளவைத் தேதியும் நேரமும் போட்டுத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என் மனைவிக்கு வீடியோவில் நேர்காணல். ஆறு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்கு சிக்னல் விழுந்துவிட்டது. வடிகட்டியை எல்லாப் பக்கமும் திருப்பினேன். மேலும் கீழுமாக நான்கு முறை ஓடினேன். பிறகுதான் நோட்டைப் புரட்டத் தோன்றியது. சிக்னல் குறைந்த நாளெல்லாம் தெருக்குழாயில் தண்ணீர் வந்த நாள், அதாவது எல்லோரும் துணி துவைக்கும் நாள். நிமிர்ந்து பார்த்தேன். எங்களுக்கும் தங்கைக்கும் நடுவிலுள்ள வீட்டு மாடியில் மூன்று ஈரப் போர்வைகள் தொங்கின.

"இன்னா நைனா, வடிகட்டிய வச்சிகினு எங்க ஊட்டையே பாத்துகினு கீறே?" என்றார் அந்த வீட்டு அக்கா.

விஷயத்தைச் சொன்னேன்.

"நெட்டுக்கு ஈரம் ஆவாதா? சரி, எடுக்கறேன். அவளுக்கு வேல கெடைக்கலன்னா எம் போர்வ மேல பழி போடாத."

நேர்காணல் முடியும்வரை மாடியில் நடந்துகொண்டே இருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு மனைவி மேலே வந்தாள். "ஒரு தடவகூட கட் ஆகல. திங்கக்கிழம நேர்ல வரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அக்காவுக்குக் கையசைத்தேன். அவர் ஈரப் போர்வைகளோடு பக்கெட் அருகிலேயே நின்றிருந்தார்.