கடல் தண்ணீரில் எழுந்த கோடு

அப்போது நானும் என் தோஸ்தும் ராயபுரத்தில் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். மருத்துவக் கல்லூரி டாக்டரம்மாவுக்கு கடம்பா என்கிற கணவாய் மீனை உயிரோடு கொண்டுபோய்க் கொடுப்போம். அதன் நரம்பில் மின்சாரம் ஓடுவதை மிஷினில் பார்க்க வேண்டுமாம். ஒரு நாள், இன்றைக்கும் தெரியாவிட்டால் மிஷினைக் கொடுத்தவர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

அறையை இருட்டாக்கி, தோஸ்து கொண்டுவந்த மீனின் நரம்பை வைத்தார். மிஷின் திரையில் பச்சைக் கோடு அசையாமல் கிடந்தது.

“எந்தத் தண்ணியில வெச்சிருந்தே?”

“கொயா தண்ணிம்மா, தெருப் பைப்புல புடிச்சது. உங்களுக்குக் கவுச்சி அடிக்கக் கூடாதுன்னு கடல் தண்ணியக் கொட்டிட்டு நல்லா அலசிகினு வந்தேன்.”

“உப்பில்லாம நரம்புல மின்சாரம் ஓடாதுப்பா.”

என் பானையில் கடல் தண்ணீரே இருந்தது. மாற்றுவதற்குச் சோம்பல். அந்த மீனின் நரம்பை வைத்தார். கோடு எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. தூரத்துக் கடலில் சின்ன அலை போல இருந்தது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம நரம்புலயும் இதாம்மா ஓடுது?” என்றான் தோஸ்து.

“ஆமாம்.”

“இன்னா மாமு, நம்ம உள்ளயும் கடலு கீதா?”

பானைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வெளியே நல்ல வெயில். நடக்கும்போது வேர்வை உதட்டில் இறங்கி உப்புக் கரித்தது. வீடு வரைக்கும் அலைமேல் போவதுபோலவே இருந்தது.