மாலைக்குள் இருந்த முகம்

எங்கள் மேனாம்பேடு குடியிருப்போர் சங்க விழாவில், இந்த ஊரில் வாழ்ந்த பிரபலங்களின் படங்களை வைக்கும் பொறுப்பு எனக்கு. அவர்களில் ஒருவர் பழைய சினிமா ஸ்டண்ட் கலைஞர். பல வருடங்களாக யார் கண்ணிலும் படாததால், இறந்திருப்பார் என்று நானே முடிவுசெய்து, மறைந்த மற்றவர்களோடு அவர் படத்துக்கும் சந்தன மாலை போட்டுவிட்டேன்.

மௌன அஞ்சலி முடிந்து கண்ணைத் திறந்தால், கடைசி வரிசையில் மெலிந்த ஒருவர் இன்னும் கைகூப்பி நின்றிருந்தார். மாலைக்குள் இருந்த அதே முகம்.

அருகில் வந்தார். “எல்லாரும் நின்னீங்க, நானும் நின்னேன். அப்பால பாத்தா, எனக்குத்தானா?” என்று சிரித்தார்.

சட்டென்று அவர் குரல் தாழ்ந்தது. “சம்சாரம் பின்னால வந்துகினு கீது நைனா. நெஞ்சுவலிக்காரி, இத்தப் பாத்தா தாங்கமாட்டா. சீக்கிரம் கயட்டு!”

ஓடிப்போய் மாலையைப் பிய்த்தெடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மூச்சு வாங்க வந்த அந்தம்மா படத்தையே பார்த்தார். “இன்னாயா, இம்மாம் ஷோக்காவா இருந்தே நீ!” கணவர் தலைகுனிந்து சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போதெல்லாம் மறைந்தவர்கள் பட்டியலில் ஒரு பெயரை எழுதும் முன், அந்த வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிறேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சே வருவதில்லை.